கண்ணாடியிழைத் துணியில் பூச்சு உரிதல்

கண்ணாடியிழைத் துணியில் பூச்சு உரிதல் என்பது, கண்ணாடி இழைகளால் நெய்யப்பட்ட துணியின் மேல் பூசப்பட்ட நெகிழி அல்லது இரப்பர்ப் படலம் அத்துணியை விட்டுச் செதில்களாகவோ தோலாகவோ பிரிந்து வருவதைக் குறிக்கும். பூச்சின் வலுக்குறைவே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆனால் பெரும்பாலான வேளைகளில் படலம் சிதைவதில்லை. படலமும் கண்ணாடியும் சந்திக்கும் இடைமுகமே விட்டுப்போகின்றது. எனவே உரிதலைத் தடுக்கும் முறைகள் யாவும் இரண்டு நோக்கங்களுள் அடங்கும். முதலாவது, பூசுவதற்கு முன்பே கண்ணாடியின் மேற்பரப்பை ஆயத்தப்படுத்துவது. இரண்டாவது, பூசிய பின்னர் அந்த இடைமுகத்தை நீர், மிகைவெப்பம், வளைவு, சிராய்ப்பு ஆகியவற்றிலிருந்து காப்பது. முதலாவது உற்பத்தியாளரின் கையிலும், இரண்டாவது பயன்படுத்துவோரின் கையிலும் உள்ளது.

தமிழ்நாட்டில் இத்துணியை அன்றாடம் பயன்படுத்தும் தொழில்களுள் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் ஒன்றாகும்.

திருப்பூரில் பயன்பாடு

பின்னலாடைகளில் படங்களும் எழுத்துக்களும் திரை அச்சு முறையில் அச்சிடப்படுகின்றன. இதற்குப் பயன்படும் பிளாஸ்டிசால் மை காற்றில் உலர்வதன்று. மைப்படலம் முழுவதும் ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் வெப்பநிலையை அடைந்தால்தான் அது இறுகும். இதற்காக, அச்சிட்ட துணித்துண்டுகள் கியூரிங் எந்திரம் எனப்படும் சுரங்கம் போன்ற அடுப்பினூடாக, ஓடும் பெல்ட்டின் மேல் வைத்து அனுப்பப்படுகின்றன. அந்தப் பெல்ட் பெரும்பாலும் பாலிடெட்ராபுளோரோஎத்திலீன் பூசப்பட்ட, வலை போன்ற கண்ணாடியிழைத் துணியே ஆகும். இப்பொருள் சுருக்கமாகப் பி.டி.எஃப்.இ. எனப்படும், டெஃப்லான் என்னும் வணிகப்பெயராலேயே பரவலாக அறியப்படுகின்றது.

காலர் முதலிய பகுதிகளில் விறைப்புத்துணியை ஒட்டும் பியூசிங் எந்திரங்களிலும் இதே பூச்சுடைய, கண்கள் இல்லாத நெருக்கமான பெல்ட்டுகள் உள்ளன. வெப்பப் பெயர்ப்பு அச்சில் ஆடைக்கும் சூட்டுத் தகட்டுக்கும் நடுவே வைக்கப்படும் டெஃப்லான் தாளும் இவ்வகையினதே. சாய ஆலைகளில் நீராவிக் குழாய்களின் வால்வுகளுக்கு மாட்டப்படும் வெப்பக்காப்பு உறைகளுக்குச் சிலிக்கோன் இரப்பர் பூசிய கண்ணாடியிழைத் துணி ஏற்றதாகும்.

பெல்ட்டின் பூச்சு உரிந்தால் மூன்று வகைத் தீங்குகள் விளைகின்றன.

1. வெறுமையான கண்ணாடியில் மை ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் அடுத்து வரும் ஆடைகள் கறைபடும்.
2. காப்பு இழந்த இழைகள் ஒடிந்து, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக ஆடையில் சேரும். இவை தோலில் குத்தி அரிப்பை உண்டாக்கும். குழந்தைகளின் ஆடைகளைப் பொறுத்தவரை இது பாரிய குறையாகும்.
3. பெல்ட்டின் ஓரம் பிரிந்து குறுக்கே கிழியும். அடுப்பு நின்றால் அச்சுப்பணி முழுவதும் நின்றுவிடும்.

துணியின் அமைப்பு

பூச்சுடைய கண்ணாடியிழைத் துணியில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, இழுவிசையைத் தாங்கும் கண்ணாடி நூல். ஒவ்வொரு நூலும் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளின் கற்றையாகும்; ஓர் இழையின் விட்டம் பொதுவாக 5 முதல் 9 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். இரண்டாவது, வெளியிலுள்ள பூச்சுப்படலம். மூன்றாவது, இவ்விரண்டும் தொட்டுக்கொள்ளும் இடைமுகம். இதற்குத் தனித்த தடிமன் என ஒன்று இல்லாவிட்டாலும் துணியின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுவே.

பருத்தி இழையின் மேற்பரப்பு சொரசொரப்பானது. அதில் சிறு இழைமுனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். எனவே பூச்சு அதனை எளிதில் பற்றிக்கொள்ளும். கண்ணாடி இழையோ வழுவழுப்பான உருளை. அதனுள் எதுவும் ஊறுவதில்லை. ஆகவே பருத்தித் துணிக்குப் பொருந்தும் பூசும் முறைகள் கண்ணாடித் துணிக்குப் பொருந்துவதில்லை.

வரலாறு

கண்ணாடி இழையைத் தொழில்முறையில் உருவாக்கும் முறைகள் 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் வளர்ந்தன. ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் 1938 இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 6 அன்று டியூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ராய் பிளங்கெட், குளிரூட்டி வளிமங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது பி.டி.எஃப்.இ. என்னும் பொருளைத் தற்செயலாகக் கண்டறிந்தார்.

கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்துச் செய்த பொருட்கள் ஈரத்தில் வலுவிழப்பது 1940களில் உணரப்பட்டது. இழையும் பிசினும் கெடாதிருக்க, இரண்டுக்கும் இடையிலான பிடிப்பை நீர் பிரித்துவிடுகின்றது என்பது தெளிவானது. இதற்குத் தீர்வாக வந்தவையே சிலேன் எனப்படும் இணைப்புச் சேர்மங்கள். டௌ கார்னிங் நிறுவனத்தில் பணியாற்றிய எட்வின் புளூடெமன் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர்.

1967 சனவரி 27 அன்று அப்பல்லோ 1 விண்கலத்தில் ஏற்பட்ட தீயில் விண்வெளி வீரர் மூவர் இறந்தனர். இதன் பின்னர், எரியாத கண்ணாடி இழையில் பி.டி.எஃப்.இ. பூசிய பீட்டா துணி விண்வெளி உடைகளின் வெளியடுக்காகச் சேர்க்கப்பட்டது. பூச்சற்ற கண்ணாடித் துணி உராய்வில் துணுக்குகளை உதிர்த்ததே பூச்சுக்கான தேவையை உண்டாக்கியது. திருப்பூரின் அச்சுப் பெல்ட்டில் பூச்சு செய்யும் வேலையும் இதுவே.

கட்டடத் துறையில் இத்துணி 1973 இல் கலிபோர்னியாவின் லாவெர்ன் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குக் கூரையானது. 1981 இல் திறக்கப்பட்ட சித்தா வானூர்தி நிலையத்தின் ஹச்சுப் பயணிகள் முனையம் இதனைப் பெரும்பரப்பில் பயன்படுத்தியது. இந்தியாவில், 2010 பொதுநலவாய விளையாட்டுக்களுக்காகப் புதுப்பிக்கப்பட்ட புது தில்லி சவகர்லால் நேரு விளையாட்டரங்கின் கூரை இவ்வகைத் துணியாலானது.

பூச்சு உரிவதற்கான காரணங்கள்

நூற்பசை

கண்ணாடி நூல் தறியில் உராய்ந்து அறுந்துவிடாதிருக்க அதன் மீது மாப்பொருளும் எண்ணெயும் கலந்த பசை இடப்படுகின்றது. கைத்தறியில் பாவுக்குக் கஞ்சி போடுவதை ஒத்தது இது. நெசவுக்கு உதவும் இப்பசை, பூசுவதற்குத் தடையாகும். பசை எஞ்சியிருந்தால் பூச்சு கண்ணாடியின் மேல் ஒட்டாமல் பசையின் மேல் ஒட்டும். பசை வெப்பத்தில் கருகும்போது பூச்சும் சேர்ந்தே விடுபடும்.

நீர்

கண்ணாடியின் மேற்பரப்பு நீரை விரும்பும் இயல்புடையது. ஈரக்காற்றில் வைத்த கண்ணாடியின் மேல் நுண்ணிய நீர்ப்படலம் எப்போதும் படிந்திருக்கும். மேலும், இழைகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் நுண்குழாய்களாகச் செயற்படுகின்றன. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல, துணியின் வெட்டிய ஓரம் நீரை உள்ளே இழுக்கும். பூச்சின் மேற்பரப்பு நீர்புகாததாயினும் ஓரத்தின் வழியே புகுந்த நீர் இடைமுகத்தை அடைந்துவிடும். அந்நிலையில் துணி அடுப்பினுள் சென்றால் நீர் ஆவியாகி விரிந்து, பூச்சைக் கொப்புளமாக உயர்த்தும்.

வெப்ப விரிவு

பி.டி.எஃப்.இ. வெப்பத்தில் விரியும் அளவு கண்ணாடி விரியும் அளவைப்போல் 20 மடங்கினும் கூடுதலாகும். ஒவ்வொரு முறை சூடேறிக் குளிரும்போதும் பூச்சு நீளவும் சுருங்கவும் முயல்கின்றது. கண்ணாடி அதனை விடுவதில்லை. இந்த இழுபறியின் தகைவு முழுவதும் இடைமுகத்தின் மீதே விழுகின்றது.

வளைவும் உராய்வும்

பெல்ட் உருளையைச் சுற்றும்போது அதன் வெளிப்பக்கம் நீள்கின்றது, உட்பக்கம் அமுங்குகின்றது. உருளை எவ்வளவு சிறிதோ அவ்வளவு கூர்மையாக இழை வளையும். கண்ணாடி இழைகள் ஒன்றையொன்று உராய்ந்தாலே கீறல் விழுந்து ஒடியும் இயல்பின. ஒடிந்த இழை முனைகள் பூச்சை உள்ளிருந்து துளைக்கின்றன.

வேதிப்பொருட்கள்

பி.டி.எஃப்.இ. பெரும்பாலான வேதிப்பொருட்களால் தாக்கப்படுவதில்லை. ஆனால் அதன் கீழுள்ள கண்ணாடியை வலிய காரங்கள் அரிக்கும். சாய ஆலைகளில் வழங்கும் காஸ்டிக் சோடாக் கரைசல் ஓரத்தின் வழியே புகுந்தால், பூச்சு நன்றாகவே தோன்றிக்கொண்டிருக்க, உள்ளிருக்கும் இழை நலிந்துவிடும்.

உற்பத்தியில் தடுப்பு முறைகள்

பசை நீக்கம்

நெய்த துணி உலையில் இடப்பட்டு, நூற்பசை எரித்து அகற்றப்படுகின்றது. இது வெப்பத் தூய்மிப்பு எனப்படும். கூடிய வெப்பமும் நேரமும் பசையை முற்றாக நீக்கும். ஆனால் கண்ணாடியின் இழுவலிமையையும் குறைக்கும். ஆகவே பசை நீங்கும் அளவுக்கும் வலிமை எஞ்சும் அளவுக்கும் இடையே நடுநிலை காண வேண்டியுள்ளது. பூச்சுக்கு ஒவ்வும் பசையைத் தொடக்கத்திலேயே இட்டு நெய்து, பசை நீக்கத்தைத் தவிர்ப்பது மற்றொரு வழியாகும்.

சிலேன் இணைப்பு

சிலேன் மூலக்கூறு இருமுகம் கொண்டது. நீருடன் வினைபுரிந்த பின்னர், அதன் ஒரு முனை கண்ணாடியின் மேற்பரப்புடன் சிலிக்கான்–ஆக்சிசன்–சிலிக்கான் பிணைப்பை உருவாக்குகின்றது. மறுமுனை பூச்சுப் பொருளுடன் இணைகின்றது. ஆகவே அம்முனை பூச்சுக்குத் தக்கதாக இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, எப்பாக்சி, பாலியூரித்தேன் ஆகியவற்றுக்கு அமினோத் தொகுதியுடைய சிலேனும், இரட்டைப் பிணைப்பின் வழியே இறுகும் பொருட்களுக்கு வினைல் அல்லது மெத்தக்ரைல் தொகுதியுடைய சிலேனும் பொருந்தும். தவறான சிலேனை இட்ட துணியில் உலர்ந்த நிலையில் பிடிப்பு நன்றாகத் தோன்றி, ஈரத்தில் விட்டுப்போகலாம்.

பி.டி.எஃப்.இ. பூசுதல்

பி.டி.எஃப்.இ. எதனுடனும் எளிதில் வேதிப்பிணைப்பு கொள்ளாது. மேலும், அதனை உருக்கி இணைக்கும் வெப்பத்தில் சாதாரண சிலேன்கள் சிதைகின்றன. எனவே இங்குப் பிடிப்பு பெரும்பாலும் இயந்திரவியல் தன்மையது. பூச்சு நூலினுள் புகுந்து இழைகளைக் கோத்துப் பிடிக்க வேண்டும்.

இதற்காக, ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர் அளவுள்ள பி.டி.எஃப்.இ. துகள்கள் நீரில் கலந்த பால் போன்ற நீர்மத்தில் துணி தோய்க்கப்படுகின்றது. முதல் தோய்ப்பில் நீர்மம் மெல்லியதாக இருந்தால்தான் நூலினுள் ஊறும். பின்னர் துணி செங்குத்தான அடுப்பினுள் மேலே இழுக்கப்பட்டு மூன்று நிலைகளைக் கடக்கின்றது: நீர் உலர்கின்றது, துகள்களைக் கலந்து வைத்திருந்த நனைப்பான் எரிந்து நீங்குகின்றது, இறுதியில் பி.டி.எஃப்.இ.யின் உருகுநிலையான 327 பாகை செ. கடந்து துகள்கள் ஒன்றோடொன்று இணைகின்றன.

இச்சுழற்சி பலமுறை நிகழ்த்தப்படுகின்றது. ஒரே தோய்ப்பில் தடிப்பாகப் பூசினால், வற்றிய குளத்துச் சேறு வெடிப்பது போலப் பூச்சு உலரும்போதே வெடிக்கும். அந்த வெடிப்புகளே பிற்காலத்தில் உரிதலின் தொடக்கமாகின்றன. நனைப்பான் முழுதும் எரியாமல் மேலடுக்கு மூடப்பட்டாலும் அடுக்குகளுக்கு இடையே பிரிவு தோன்றும்.

பிற பூச்சுக்கள்

சிலிக்கோன் இரப்பர், கண்ணாடியுடன் பி.டி.எஃப்.இ.யை விட நன்கு ஒட்டும். ஆனால் பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் சிலிக்கோன் வகைகள் கந்தகம், அமீன், சில வெள்ளீயச் சேர்மங்கள் ஆகியவற்றின் சுவடு பட்டாலும் இறுகாமல் நின்றுவிடும். இறுகாத அடிப்படலம் தோல்போலக் கழன்றுவிடும். எனவே துணியில் முன்னர் இடப்பட்ட பசையும் சிலேனும் எவை என்பதை அறிந்தே பூச்சைத் தெரிவு செய்ய வேண்டும். பி.வி.சி. பூச்சில், பிடிப்பை உயர்த்தும் ஐசோசயனேட் சேர்மங்கள் முதல் அடுக்கில் சேர்க்கப்படுகின்றன.

பட்டறையில் தடுப்பு முறைகள்

நன்கு பூசப்பட்ட பெல்ட்டும் பயன்படுத்தும் முறையால் விரைவில் உரியலாம். பின்வருவன கவனிக்க வேண்டியவை:

- வெப்பநிலை: பி.டி.எஃப்.இ. பூசிய துணி தொடர்ந்து தாங்கும் வெப்பநிலை 260 பாகை செ. ஆகும். எந்திரத்தின் காட்டி அடுப்புக் காற்றின் வெப்பத்தையே காட்டுகின்றது. அகச்சிவப்புச் சூடேற்றிகளின் கீழ் வெறுமையாக ஓடும் பெல்ட் அதனினும் கூடுதலாகச் சூடேறக்கூடும். பெல்ட்டின் மேற்பரப்பையே வெப்பக்காட்டி நாடாவால் அளத்தல் நன்று.
- தொடக்கமும் நிறுத்தமும்: பெல்ட் ஓடத் தொடங்கிய பின்னரே சூடேற்றியை இயக்க வேண்டும். நிறுத்தும்போது சூடேற்றியை முதலில் அணைத்து, அடுப்பு ஆறும் வரை பெல்ட்டை ஓடவிட வேண்டும்.
- மின்தடை: மின்சாரம் நின்றால் பெல்ட்டின் ஒரே பகுதி சூடான தகட்டின் கீழ் நின்றுவிடும். 2012 ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டில் நிலவியது போன்ற கடும் மின்வெட்டுக் காலங்களில் இந்த இடர் நாள்தோறும் நேரக்கூடியது. பெல்ட்டைக் கையால் சுழற்றும் பிடியோ, பெல்ட் மோட்டாருக்கு மட்டுமான மாற்று மின்சாரமோ இருந்தால் இச்சேதத்தைத் தவிர்க்கலாம்.
- இழுப்பு: பெல்ட் வழுக்காமல் ஓடப் போதுமான அளவே இழுப்பு இருத்தல் வேண்டும். வழுக்கினால், இழுப்பைக் கூட்டுவதை விட ஓட்டும் உருளைக்கு இரப்பர் உறை இடுவதே தகும்.
- நேரோட்டம்: பெல்ட் ஒருபக்கம் ஒதுங்கி எந்திரச் சட்டத்தில் உரசினால் ஓரத்தின் பூச்சு முதலில் தேயும். உருளைகளை இணையாக்கி உடனே சரிசெய்ய வேண்டும்.
- உருளையின் விட்டம்: பெல்ட் வழங்குநர் குறிப்பிடும் மிகக் குறைந்த விட்டத்தை விடச் சிறிய உருளையைப் பயன்படுத்தலாகாது.
- ஓரம்: வெட்டிய ஓரத்தைப் பி.டி.எஃப்.இ. படலத்தாலோ தைத்த பட்டையாலோ மூட வேண்டும். பிரிந்த நூலைக் கையால் இழுத்தால் நீளமாக உரிந்து வரும். கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும்.
- தூய்மை செய்தல்: படிந்த மையை, பெல்ட் இளஞ்சூடாக உள்ளபோது மென்மையான துணியால் துடைக்கலாம். பிளேடு, கம்பித் தூரிகை, காரக் கரைசல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.
- சேமிப்பு: மாற்றுப் பெல்ட்டை மடித்து வைத்தல் கூடாது. மடிப்புக் கோட்டில் இழைகள் ஒடிந்துவிடும். குழலில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

கண்டறிதலும் சோதனையும்

எளிய முறை ஒன்று நீர்த்துளிச் சோதனையாகும். ஆறிய பெல்ட்டின் மேல் ஒரு துளி நீரை இட்டால், பூச்சு முழுமையாக உள்ள இடத்தில் தாமரையிலை நீர்போல் அது உருண்டு நிற்கும். கண்ணாடி வெளிப்பட்ட இடத்தில் துளி பரவி நூலுக்குள் ஊறும். சோதித்த பின்னர் அந்த இடத்தை உலர்த்திவிட வேண்டும். பழுப்பு நிறப் பெல்ட்டில் வெண்புள்ளிகளும், ஓரத்தில் மயிர் போன்ற சிலிர்ப்பும் உரிதலின் முன்னறிகுறிகளாகும்.

ஆய்வகங்களில் பூச்சின் பிடிப்பு, குறிப்பிட்ட அகலமுள்ள கீற்றிலிருந்து பூச்சைப் பிரிக்கத் தேவையான விசையாக அளக்கப்படுகின்றது. பூச்சுத் துணிகளின் பிடிப்பை அளக்க ஐ.எஸ்.ஓ. 2411 என்னும் தரமும், வளைவால் ஏற்படும் சேதத்தை அறிய ஐ.எஸ்.ஓ. 7854 என்னும் தரமும் உள்ளன. பி.டி.எஃப்.இ. பூச்சு மெல்லியதாதலால் அதனைப் பற்றி இழுக்க இயலாது. எனவே இரு கீற்றுக்களை உருகும் படலம் ஒன்றால் ஒட்டி, பின்னர் அவற்றைப் பிரிக்கின்றனர்.

விசையின் அளவைப் போலவே பிரிந்த முகத்தின் தோற்றமும் முக்கியமானது. வெறுங்கண்ணாடி தெரிந்தால் இடைமுகம் தோற்றுள்ளது. பசை நீக்கத்தையோ சிலேனையோ ஆராய வேண்டும். இருபுறமும் பூச்சு ஒட்டியிருந்தால் பூச்சே கிழிந்துள்ளது, பிடிப்பில் குறையில்லை. உலர்ந்த துணியை மட்டும் சோதித்தல் போதாது. நீரில் ஊறிய துணியையும் சோதித்து ஒப்பிட்டால்தான் இடைமுகத்தின் உண்மை நிலை வெளிப்படும்.

பழுது நீக்கம்

உரிந்த இடத்தைப் பட்டறையில் மீண்டும் பூச இயலாது. பூச்சு இணைவதற்கு 327 பாகை செ.க்கு மேற்பட்ட வெப்பம் தேவை. கடைகளில் கிடைக்கும் தெளிப்பான்கள் வழுக்கும் தன்மையைச் சிறிது காலம் தருமேயன்றி, ஒடிந்த இழைகளைப் பிடித்து வைப்பதில்லை. சிறு சேதங்களுக்கு வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பசையுடைய பி.டி.எஃப்.இ. நாடா தற்காலிகத் தீர்வாகும். இழைத்துணுக்குகள் உதிரத் தொடங்கிய பெல்ட்டை ஆடைகளுக்குப் பயன்படுத்துவதை நிறுத்துதலே முறையாகும்.

உடல்நலமும் கழிவும்

தோலில் படும் கண்ணாடித் துணுக்குகள் இயந்திரவியல் முறையிலேயே உறுத்துகின்றன. வேதி நச்சால் அன்று. பெல்ட்டை வெட்டுவோரும் மாற்றுவோரும் கையுறையும் முகமூடியும் அணிதல் வேண்டும்.

பழைய பெல்ட்டுகளைத் துணிக்கழிவுடன் சேர்த்து எரித்தல் ஆகாது. மிகைவெப்பத்தில் பி.டி.எஃப்.இ. சிதைந்து வெளிவிடும் புகை, காய்ச்சலையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கவல்லது. அப்புகையில் ஐதரசன் புளோரைடு முதலிய நச்சு வளிமங்கள் இருக்கலாம். பி.டி.எஃப்.இ. உற்பத்தியில் முன்னர்த் துணைப்பொருளாகப் பயன்பட்ட பெர்புளோரோ ஆக்டனோயிக் அமிலம், சூழலில் நெடுங்காலம் அழியாது நிற்பதால் 2019 இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

தமிழ்நாட்டில் ஆய்வு வசதிகள்

திருப்பூருக்கு அருகிலுள்ள கோயம்புத்தூரில் 1956 இல் நிறுவப்பட்ட தென்னிந்திய நெசவு ஆராய்ச்சிக் கழகம், சிட்ரா என அறியப்படுகின்றது. அந்நகரில் பூ.சா.கோ. கல்வி நிறுவனங்களைச் சார்ந்து தொழிலகத் துணிகளுக்கான சிறப்பு மையமும் இயங்குகின்றது. 2020 பெப்ரவரியில் இந்திய நடுவண் அரசு 1,480 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தேசிய தொழில்நுட்பத் துணிகள் இயக்கத்துக்கு ஒப்புதல் வழங்கியது. தொழிற்சாலைகளில் பயன்படும் பூச்சுத் துணிகளும் தொழில்நுட்பத் துணிகள் என்னும் இவ்வகையில் அடங்கும்.